தகரக் கூரையும் தேயிலைப் பெட்டியும்

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் ஒரு ரேடியோ நல்லதா இல்லையா என்பதைப் பாட்டை வைத்து யாரும் முடிவு செய்ததில்லை. இலங்கை வானொலி அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவின் குரல் அதில் எப்படி வருகிறது என்றுதான் பார்ப்பார்கள். ‘திரைவிருந்து’ தொடங்கினால் ராஜா மூச்சு விடாமல் பேசுவார். அத்தனை வேகத்திலும் ஒவ்வோர் எழுத்தும் தனியாகக் காதில் விழுந்தால் அது நல்ல பெட்டி. விழாவிட்டால் பெரியப்பா உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்: “ராஜாவுக்குத் தடிமன் புடிச்சிருக்குடா, நிப்பாட்டு.” ராஜேஸ்வரி சண்முகம் வந்தால் பெண்களின் முறை. அவர் பேசும்போது குரலின் ஓரத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். அந்தச் சிரிப்புக் கேட்காத ரேடியோவை அம்மா ரேடியோ என்றே ஒத்துக்கொள்ள மாட்டாள்.

இதில் ஒரு நியாயம் இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. பாட்டு நம்மை ஏமாற்றும். சென்னை ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்த வயலின்கள் எப்படி ஒலித்தன என்று தோட்டத்தில் யாருக்குத் தெரியும்? ஆனால் மனிதர் பேசினால் எப்படி இருக்கும் என்பது பிறந்த நாள் முதல் தெரியும். அந்தக் குரலில் சின்னக் கோணல் இருந்தாலும் காது பிடித்துவிடும். இங்கிலாந்தின் பிபிசி பொறியியலாளர்கள் ஸ்பீக்கர் வடிவமைக்கும்போது இதே வேலையைத்தான் செய்தார்கள். ஓர் அறையில் ஒருவரைப் பேசவிட்டு, அந்தக் குரலையும் ஸ்பீக்கரில் வரும் குரலையும் மாறி மாறிக் கேட்டு ஒப்பிட்டார்கள். 1970களில் ஒலிபரப்பு வான்களுக்காக அவர்கள் செய்த எல்எஸ் 3/5ஏ என்ற ஓரடி உயரப் பெட்டிக்கு இன்றும் உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. பெரியப்பாவுக்கு அதெல்லாம் தெரியாது. அவருடைய காதுக்குத் தெரிந்திருந்தது.

நான் சொல்வது 1970களின் பிற்பகுதி. நமுனுகுல மலைச் சரிவில், பசறையிலிருந்து பஸ் ஏறிப்போய், இறங்கி நடக்கவேண்டிய ஒரு டிவிசன். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, மேலே தகரம். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் இடையிலுள்ள சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் இருமினால் மூன்றாம் வீட்டில் மருந்து சொல்வார்கள். அதனால் ரேடியோ யாருடையது என்ற கேள்வியே எழாது. போட்டவர் ஒருவர், கேட்பவர்கள் லயம் முழுவதும். நவம்பரில் வடகீழ் மழை தொடங்கினால் தகரத்தில் விழும் இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அப்துல் ஹமீத் ‘பாட்டுக்குப் பாட்டில்’ எந்த எழுத்தைக் கொடுத்தார் என்று வீட்டுக்கு வீடு கத்திக் கேட்டுக்கொள்வோம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காற்று வீசும். ஊவாத் தேயிலைக்குப் பேர்பெற்ற அந்த மணம் ஏறுவது அந்த மாதங்களில்தான். ஸ்டோரில் துரையும் டீமேக்கரும் பரபரப்பாக இருப்பார்கள். எங்களுக்கு ரேடியோப் பருவமும் அதுவே.

எங்கள் வீட்டில் இருந்தது கைப்பிடி வைத்த சின்ன டிரான்சிஸ்டர். கணக்கப்பிள்ளை வீட்டில் வால்வு ரேடியோ, மரப்பெட்டி, முன்னால் துணி, உள்ளே பெரிய முட்டைவடிவ ஸ்பீக்கர். இரண்டிலும் அதே கொழும்பு, அதே அலைவரிசை. மத்திய அலையில் ஏறக்குறைய 5,000 ஹேர்ட்ஸுக்கு மேலே உள்ள சத்தமெல்லாம் வெட்டுப்பட்டுத்தான் வரும். ஆகவே இரண்டு பெட்டிக்கும் கிடைத்த தீனி ஒன்றுதான். இருந்தும் கணக்கப்பிள்ளை வீட்டில் ராஜாவுக்கு நெஞ்சு இருந்தது. எங்கள் வீட்டில் அவர் தொண்டையிலிருந்து மட்டும் பேசினார். ஏன் இப்படி என்று கேட்டால், அது காசு உள்ளவர்கள் ரேடியோ என்று அப்பா சொல்லுவார். அது தப்பான பதிலும் இல்லை.

சரியான பதில் ரேடியோ பாஸிடம் இருந்தது. எங்கள் பக்கம் மேசன், தச்சர் என்று கைவேலை தெரிந்த எவரும் பாஸ்தான்; இவர் ரேடியோ பாஸ். பதுளை டவுனில் ஒரு கடையின் முன்பக்கம் அவருக்கு மேசை போட்டுக் கொடுத்திருந்தார்கள். சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு டவுனுக்குப் போனால், அவர் மேசைக்கு முன்னால் நிற்பதுதான் எனக்குச் சினிமா. பழுதுபார்த்து முடித்தால் அவர் பாட்டுத் தேட மாட்டார், முள்ளைத் திருப்பிச் செய்தி வாசிக்கும் இடத்தில் நிறுத்துவார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்பார். “ஆள் முன்னால நிக்கிறாரு. கொண்டு போங்க” என்பார். சில சமயம் மறுபடியும் திருகாணியைக் கழற்றுவார்.

அந்தக் காலத்தில் எங்கள் லயங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேர் போகவேண்டும் என்று கணக்கு. கோச்சியில், அதாவது ரயிலில், தலைமன்னார், அங்கிருந்து ‘ராமானுஜம்’ கப்பலில் இராமேஸ்வரம். போகச் சொல்லிக் கடிதம் வந்த வீட்டில் முதலில் கோழிகள் விலைபோகும், பிறகு அலுமாரி, பிறகு மற்றவை. எங்கள் வரிசையில் கடைசிக் காம்பராவில் இருந்த குடும்பம் போனபோது அவர்களுடைய செட்டை அப்பா வாங்கினார். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் ஜப்பான் சாமான்கள் பதுளைக் கடைகளுக்கு வந்திருந்தன. அந்தச் செட்டும் அப்படி வந்ததுதான். கெசட்டும் ரேடியோவும் ஒன்றாக உள்ள டூ-இன்-ஒன், பின்னால் வெளி ஸ்பீக்கருக்கு இரண்டு துளைகள், அதோடு கழற்றி வைக்கக்கூடிய இரண்டு பிளாஸ்டிக் பொக்ஸ். விற்றவர் அப்பாவைவிட மூத்தவர். கஸ்டம்ஸில் பிடித்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்துதான் விற்றார். பணத்தை எண்ணி வாங்கியபின், வலது பக்க பொக்ஸ் கொஞ்சம் கரகரக்கும், மன்னிச்சுக்குங்க என்று அப்பாவிடம் சொன்னார். பிளாட்பாரத்து ஒப்பாரியை நான் கேட்டது அவர்கள் போன அன்றுதான். அதைப் பற்றி எழுத இது இடமில்லை.

எங்கள் லயத்துக்கு அப்போது கரண்ட் இல்லை. கார் பெட்டரி ஒன்றைப் பசறையில் சார்ஜ் போட்டு, சாக்கில் சுற்றி, பஸ்ஸில் கொண்டுவந்து ஓட்டினோம். அமிலம் பட்டு என் பள்ளிக்கூடக் கால்சட்டையில் ஓட்டை விழுந்தது. இந்த 12 வோல்ட் பெட்டரிதான் எனக்கு ஸ்பீக்கர்க் கணக்கைக் கற்றுத் தந்தது. 12 வோல்ட்டில் ஓடும் சாதாரண அம்ப்ளிபயர் 4 ஓம் ஸ்பீக்கருக்குத் தரக்கூடியது ஏட்டுக் கணக்கில் பக்கத்துக்கு நாலரை வொட். 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் அதில் பாதி. இந்தச் சொற்ப வொட்டில் சத்தம் வரவேண்டுமென்றால் ஸ்பீக்கருக்குத் திறமை இருக்கவேண்டும். ஒரு வொட் கொடுத்து ஒரு மீற்றர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பதுதான் அந்தத் திறமையின் அளவு. 3 டெசிபல் கூடிய ஸ்பீக்கர் பாதி வொட்டில் அதே சத்தம் தரும். அதாவது 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு 10 வொட் போதுமென்றால், அதே சத்தத்துக்கு 87 டெசிபல் ஸ்பீக்கர் 20 வொட் கேட்கும். நான் மேலே புகழ்ந்த பிபிசிக்காரர்களின் பெட்டி 82, 83 டெசிபல்காரர். எங்கள் லயத்தில் அவர் எடுபட்டிருக்க மாட்டார்.

1983 ஜூலை 27ஆம் திகதி இனக்கலவரத்தில் பதுளை டவுனில் தமிழர் கடைகள் எரிந்தன. மேலே எங்கள் டிவிசனில் ஆண்கள் இரவெல்லாம் விழித்திருந்தார்கள், நாங்கள் தேயிலைக்குள் படுத்துக்கொண்டோம். எந்த ரேடியோவும் சத்தமாகப் பாடவில்லை. காதோடு வைத்துச் செய்தி கேட்டார்கள். பாஸின் மேசையும், அதன் மேல் யார் யாரோ திருத்தக் கொடுத்திருந்த ரேடியோக்களும் அந்தக் கடையோடு போய்விட்டன. அவர் கையில் ஒரு ஈயக்கோலோடும் ஸ்குரூ டிரைவரோடும் எங்கள் லயத்திலிருந்த தன் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தார். டவுனுக்குத் திரும்புவதா, இந்தியாவுக்குப் போவதா என்று முடிவாகாமல் பல மாதங்கள் அங்கேயே இருந்தார். பகலில் எல்லாரும் மலைக்குப் போனபின் லயத்தில் கிழவர்களும் நாங்களும்தான். எங்கள் இஸ்தோப்பு அவருடைய பட்டறையானது.

முதலில் அவர் எங்கள் செட்டின் பிளாஸ்டிக் பொக்ஸைக் கையில் எடுத்து விரல் மடக்கித் தட்டினார். ‘டொங்’ என்று பாடியது. “பெட்டி பாடக் கூடாது தம்பி. உள்ள இருக்கிற கடுதாசி மட்டுந்தான் பாடணும்” என்றார். இன்றைக்கும் கடைக்குப் போனால் நான் முதலில் செய்வது இதுதான். பெட்டியின் பக்கவாட்டில் தட்டினால் ‘டக்’ என்று செத்த சத்தம் வரவேண்டும். இசை போல் ஏதாவது ஒலித்தால், அறிவிப்பாளர் பேசும் ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தமும் அவரோடு சேர்ந்து பேசும். ஆண் குரலின் அடி 100 முதல் 150 ஹேர்ட்ஸ் வரை. மட்டமான பெட்டிகள் கூடுதலாக முழங்குவதும் பெரும்பாலும் அந்த வட்டாரத்துக்குப் பக்கத்தில்தான். பெரியப்பாவின் தடிமன் நோய்க்குக் காரணம் அதுதான்.

பிறகு ஸ்பீக்கரைப் பெட்டியிலிருந்து கழற்றி வெறுமனே கையில் பிடித்துப் பாடவிட்டார். மெலிந்துபோன சத்தம். காகிதக் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது, முன்னால் போன காற்றும் பின்னால் போன காற்றும் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, அடிச்சத்தம்தான் முதலில் சாகும் என்று சொன்னார். பள்ளிக்கூடத்தில் ஒலியைப் பற்றி எத்தனையோ எழுதிப் பாடமாக்கியிருக்கிறேன். எதுவும் இந்த அளவுக்கு உள்ளே இறங்கவில்லை. அடுத்து, ஸ்டோரிலிருந்து ஒதுக்கிய தேயிலைப் பெட்டி ஒன்றின் பலகையில் வட்டமாக வெட்டி, அந்த ஓட்டைக்குப் பின்னால் அதே ஸ்பீக்கரை வைத்து அழுத்தினார். ராஜாவுக்கு நெஞ்சு வந்துவிட்டது! அம்மா மலையிலிருந்து வரும்வரை என்னால் பொறுத்திருக்க முடியவில்லை.

தேயிலைப் பெட்டி என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. இப்போது தேயிலை காகித மூட்டையில் போகிறது. அப்போது ஒட்டுப்பலகைப் பெட்டி, ஓரமெல்லாம் தகரப் பட்டி, உள்ளே ஈயத்தாள். காலிக்குப் பக்கத்துக் கிந்தோட்டையில் அந்தப் பலகைக்கென்றே தொழிற்சாலை இருந்தது. ஸ்பீக்கருக்கு அது நல்ல பலகை இல்லை, ரொம்ப மெல்லிசு. பாஸ் அதை ஒத்துக்கொண்டார். எனவே இரண்டு பலகைகளைப் பசை போட்டு ஒட்டி ஒன்றாக்கி, எங்கள் செட்டுக்கு இரண்டு பெட்டி செய்தார். உள்ளே குறுக்காக கொய்யாக் கட்டை ஒன்றை முட்டுக் கொடுத்தார். சந்துகளையெல்லாம் மெழுகால் அடைத்தார். அம்மாவின் பழைய படங்கை வெட்டி உட்சுவரில் ஆணியடித்து, மிச்ச இடத்தில் கிழிந்த தலையணையின் இலவம் பஞ்சைத் தளர்வாக நிரப்பினார். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் சாக்கு இப்படி வேலை மாறியதில் அம்மாவுக்குப் பெருமைதான். அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் 1954இல் பெட்டியை முழுக்க அடைத்து, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக வேலை வாங்கி, சின்னப் பெட்டியிலும் ஆழ்ந்த சத்தம் கொண்டுவந்தார் என்பதை நான் படித்தது பல வருடங்கள் கழித்து. பாஸ் அதைக் கேள்விப்பட்டிருந்தாரா தெரியாது. சந்து இருந்தால் ஊதும் என்பது அவருக்குத் தெரியும்.

உள்ளே வைத்த ஸ்பீக்கர்கள் செத்துப்போன இரண்டு வால்வு ரேடியோக்களிலிருந்து எடுத்தவை. அகலமான, மெல்லிய காகிதக் கூம்பு. கொஞ்சம் கரண்டில் நிறையப் பேசும். எங்கள் நாலு வொட்டுக்கு அளந்து செய்தவை போல் பொருந்தின. கடையில் விற்கும் கனமான கறுப்பு வூஃபரைப் போட்டிருந்தால் பெட்டரி இரண்டு நாளில் படுத்திருக்கும். ஸ்பீக்கரும் அம்ப்ளிபயரும் ஜோடி சேரவேண்டும் என்பதை இதைவிட நேராக யாரும் எனக்குக் காட்டியதில்லை.

வயர் மாட்டும் முன் டோர்ச் பெட்டரி ஒன்றை எடுத்து ஸ்பீக்கரின் இரண்டு காதுகளிலும் தொட்டார். கூம்பு ‘தப்’ என்று வெளியே குதித்தது. மாற்றித் தொட்டபோது உள்ளே போனது. வெளியே குதிக்கும்போது பெட்டரியின் பிளஸ் எந்தக் காதில் இருந்ததோ அதில் குங்குமம் வைத்தார். இரண்டு ஸ்பீக்கரிலும் குங்குமப் பக்கம் ஒரே மாதிரி மாட்டவேண்டும். மாறிவிட்டால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். அடிச்சத்தம் காணாமல் போகும், பாடகர் நடுவில் நிற்காமல் அறை முழுக்க அலைவார். எத்தனையோ வீடுகளில் விலை கூடிய செட்டை இப்படிப் பிழையாக மாட்டிவிட்டு, சத்தம் சரியில்லை என்று வேறு செட் பார்க்கிறார்கள். வயரைப் பிடுங்கி மாற்றி மாட்டினால் தீர்ந்தது.

ஸ்டீரியோ என்ன என்பது அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. ரேடியோவில் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வரும். கெசட்டில் அப்படியில்லை. 1978இல் வந்த ‘ப்ரியா’ படப் பாடல்கள்தான் தமிழில் ஸ்டீரியோவாகப் பதிவான முதல் பாடல்கள் என்று சொல்வார்கள். அந்தக் கெசட்டைப் போட்டபோது யேசுதாஸ் இரண்டு பெட்டிக்கும் நடுவே, பெட்டியே இல்லாத இடத்தில், சாமிப் படத்துக்குக் கீழே நின்று பாடினார். பெரியப்பா எழுந்து போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

அப்படி நடுவில் ஆள் நிற்க வைப்பது சுலபமில்லை. பாஸ் பெட்டிகளை அரைநாள் இழுத்து இழுத்து வைத்தார். மூலையில் வைத்தபோது அடிச்சத்தம் பொங்கி மற்றதையெல்லாம் மூடியது. சுவரை விட்டு ஒரு முழம் முன்னால் கொண்டுவந்ததும் தெளிந்தது. இரண்டு பெட்டிக்கும் இடையே எவ்வளவு தூரமோ, கேட்பவருக்கும் பெட்டிக்கும் அதே தூரம், மூன்றும் சம முக்கோணம். தரையில் வைக்காதே, உட்கார்ந்தால் காது எங்கே இருக்குமோ அந்த உயரத்துக்குத் தூக்கு. எங்கள் வீட்டில் மா டின்னும் செங்கல்லும்தான் ஸ்டாண்ட். கேட்கிற இடம் அம்மாவின் கட்டில் ஓரம். இடதுபக்கப் பெட்டி நடுச்சுவரை ஒட்டி வந்ததால் பக்கத்துக் காம்பராக்காரர்களுக்குப் பாட்டில் இடது பாதி மட்டுமே நன்றாகக் கேட்டது. “ஒங்க பாட்டுல புல்லாங்குழல் ஏன் தூரமா ஊதுது?” என்று அந்த வீட்டு அக்கா சண்டைக்கு வந்தார். மறுநாள் பெட்டிகளை இடம் மாற்றி மாட்டினோம். அவருக்குப் புல்லாங்குழல் வந்தது, தபேலா போய்விட்டது.

காசு செலவில்லாமல் ஒரு செட்டை உயர்த்த இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. புதிய அம்ப்ளிபயரும் தடித்த வயரும் தேடி அலையும் முன் பெட்டியை இழுத்து வைத்துப் பாருங்கள். அடுத்தது, காசு சேர்ந்தால் முதலில் ஸ்பீக்கரை மாற்றுங்கள். நல்ல ஸ்பீக்கர் சுமாரான அம்ப்ளிபயரிலும் தன் குணத்தைக் காட்டும். மட்டமான ஸ்பீக்கரை எந்த அம்ப்ளிபயரும் காப்பாற்றாது. வயருக்கென்று பட்டுநூல் விலை கேட்பவர்களைக் கண்டால் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம். ஒரு வீட்டு அறைக்குள் ஓட, கைக்குத் தடிப்பாகத் தெரியும் செப்பு வயர் எதுவும் போதும்.

சத்தம் வேறு, நல்ல சத்தம் வேறு என்பதைக் கோயில் காட்டியது. மாரியம்மன் திருவிழாவுக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கர் ஒரு வொட்டுக்கு 100 டெசிபலுக்கு மேல் தரும். இந்த மலையில் பாடினால் எதிர் மலையில் கொழுந்தெடுப்பவர்கள் சொல் பிசகாமல் கேட்பார்கள். அதற்குத்தான் அது. அடிச்சத்தம் அறவே இல்லை, உறுமி மேளமும் அதில் டப்பாவாகிவிடும். எங்கள் சித்தப்பா ஒருவர் அந்தக் குழாயை வீட்டுக்குள் மாட்டவேண்டும் என்று ஆசைப்பட்டு, சித்தியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டார்.

பாஸ் அடுத்த வருடம் பண்டாரவளைப் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டார். 1990களில் எங்கள் லயத்துக்குக் கரண்ட் வந்தது; தீபாவளி அட்வான்ஸில் வீட்டுக்கு வீடு செட் வாங்கினார்கள். பளபளக்கும் வெள்ளிநிறப் பிளாஸ்டிக், ஆடும் விளக்குகள், முன்னால் ஸ்டிக்கரில் 1,000 வொட், 2,000 வொட் பிஎம்பிஓ. அந்தப் பிஎம்பிஓ எந்த நியமத்துக்கும் கட்டுப்படாத எண். கண் இமைக்கும் நேரத்துக்குக் கூட அந்தச் செட் அவ்வளவு தராது. செட்டைத் திருப்பிப் பின்தகட்டைப் பார்த்தால் அது சுவரிலிருந்து இழுக்கும் மொத்தக் கரண்ட் 30 வொட், 40 வொட் என்று போட்டிருக்கும். 40 வொட் தின்று 1,000 வொட் பாடும் பிராணி எந்த மலையிலும் கிடையாது. ஆர்எம்எஸ் என்று எழுதியிருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் பின்தகடு.

அந்த செட்டுகளோடு வந்த இன்னொரு வியாதி பஞ்சு விளிம்பு. ஸ்பீக்கர்க் கூம்பைச் சுற்றி நுரைப்பஞ்சு ஒட்டியிருப்பார்கள். எங்கள் பக்கத்து மூடுபனியிலும் ஈரத்திலும் சில வருடங்களில் அது பொடிந்து உதிர்ந்துவிடும். அப்புத்தளைப் பக்கம் இன்னும் மோசம், கூம்பில் வெள்ளையாகப் பூஞ்சணம் படரும். பழைய ஸ்பீக்கர் வாங்குபவர்கள் முன்துணியைக் கழற்றாமல் காசு கொடுக்கக் கூடாது. விளிம்பு ரப்பரா துணியா பஞ்சா என்று பாருங்கள். விரல்நுனிகளைக் கூம்பின் இரண்டு பக்கமும் சமமாக வைத்து மெதுவாக அழுத்துங்கள். உள்ளே உரசல் கேட்டால் கம்பிச்சுருள் கோணிவிட்டது, வேண்டாம். விளிம்பு மட்டும் போயிருந்தால் கவலையில்லை, புது விளிம்பு ஒட்டலாம். விலையைக் குறைக்கவும் அது நல்ல காரணம்.

போன வருடம் என் தங்கை மகன் ஸ்பீக்கர் வாங்கவேண்டும் என்று என்னைக் கூப்பிட்டான். அவர்களுக்கு இந்திய வீட்டுத்திட்டத்தில் தனி வீடு கிடைத்திருக்கிறது, 7 பேர்ச்சஸ் காணி, 550 சதுர அடி. நடுச்சுவர் இப்போது கூரையைத் தொடுகிறது. பக்கத்து வீட்டு இருமல் கேட்பதில்லை. ஆனால் வெறும் சீமெந்துச் சுவர், டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல். கையைத் தட்டினால் முன்னறையே திருப்பித் தட்டுகிறது. பழைய காம்பராவில் கொடியில் தொங்கிய உடுப்பும், மூலையில் அடுக்கிய படங்கும், கட்டிலும், ஆறு பேரும் சத்தத்தைக் குடித்துக்கொண்டார்கள். அதை அப்போது யாரும் வசதி என்று சொன்னதில்லை.

அவன் உயரமான டவர் ஸ்பீக்கர் பார்த்து வைத்திருந்தான். அந்த முன்னறைக்கு அது பெரிது. மூலைக்குள்தான் நிற்கும், பிறகு பொங்கும். ஓரடி உயர இரண்டு புத்தக அலுமாரி ஸ்பீக்கர், சுவரை விட்டு ஒன்றரை அடி முன்னால், ஸ்டாண்டில், அது போதும் என்றேன். பதுளையில் கடைக்கு அவனோடு போனேன். கடைக்காரப் பையன் எங்களைக் கண்டதும் நெஞ்சு அதிரும் ஒரு பாட்டைப் போட்டுச் சத்தத்தை ஏற்றினான். எல்லாக் கடையிலும் அப்படித்தான். இரண்டு ஸ்பீக்கரில் எது கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் போடுகிறதோ அதுவே நல்லதென்று காது நினைக்கும், அதனால் ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரச் சொல்லவேண்டும். நாங்கள் சத்தத்தைக் குறைக்கச் சொன்னோம். மருமகன் தன் போனிலிருந்து அப்துல் ஹமீத் பேசும் பழைய பதிவு ஒன்றை எடுத்தான். பிறகு ஒரு பெண் அறிவிப்பாளர். பெண் குரலில் ‘ச’வும் ‘ஸ’வும் சீறினால் மேல்ஸ்பீக்கர் சரியில்லை என்று அர்த்தம். கடைக்காரப் பையன் எங்களைக் கொஞ்சம் பயத்தோடுதான் பார்த்தான். விளக்கு எரிந்த ஜோடியில் ஹமீதுக்குத் தடிமன். விளக்கில்லாத சின்ன ஜோடியில் அவர் கவுண்டருக்குப் பின்னால் நின்று பேசினார்.

அதையே வாங்கினோம். புளூடூத்தும் அதில் இருக்கிறது, அதில் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. இப்போது சப்வூஃபர் ஒன்று சேர்க்கலாமா மாமா என்று வாரத்துக்கு ஒருமுறை கேட்கிறான். முதலில் ஜன்னலுக்குத் தடித்த துணியில் கர்ட்டன் தைக்கச் சொல்லியிருக்கிறேன், தரைக்கு ஒரு பாய். அதற்குப் பிறகும் அடிச்சத்தம் போதாதென்றால் பார்ப்போம். தங்கச்சி கர்ட்டன் துணிக்கு அளவெடுத்துவிட்டாள். சப்வூஃபர் வந்தால் தான் பழைய லயத்துக்கே போய்விடுவேன் என்கிறாள்.